தடை வரும்போது நம்பிக்கையோடு இருப்பது எப்படி: எதைப் பிடித்துக்கொள்வது, எதை விடுவது

கேள்வி இதுதான்: கடவுள் நம்பிக்கை இருக்கிறது, வழிபாட்டையும் விடவில்லை. ஆனால் ஒரு தடை தீருவதற்குள் அடுத்தது வந்து நிற்கிறது. "நம்பிக்கையோடு இரு, எல்லாம் சரியாகும்" என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். உள்ளுக்குள் அப்படி ஒன்றும் தோன்றவில்லையே, தோன்றாத ஒன்றை எப்படித் தேர்ந்தெடுப்பது?

தோன்ற வைக்க முடியாது. இதை ஒப்புக்கொண்டாலே பாதிப் பாரம் இறங்கிவிடும். பயமும் சலிப்பும் எரிச்சலும் நாம் கூப்பிட்டு வருவதில்லை. போ என்றால் போவதும் இல்லை. நம் தேர்வுக்கு உட்பட்டவை வேறு மூன்று: நம்பிக்கையை எதன்மேல் வைக்கிறோம், தடையைப் பற்றி நமக்கு நாமே என்ன சொல்லிக்கொள்கிறோம், அடுத்த இரண்டு நாளில் என்ன செய்கிறோம். பயத்தோடு இருந்துகொண்டே இந்த மூன்றையும் சரியாகச் செய்ய முடியும். பெரும்பாலும் அப்படித்தான் செய்ய வேண்டியும் இருக்கும்.

முதலாவதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். "இந்த வேலை கிடைத்துவிடும்", "இந்தப் பரிசோதனை முடிவு நன்றாகத்தான் வரும்" என்று ஒரு குறிப்பிட்ட விளைவின்மேல் நம்பிக்கையை ஏற்றிவைத்தால், அந்த விளைவு தவறும் நாளில் இரண்டு இழப்பு: வேலையும் போச்சு, கடவுளும் கைவிட்டார். கூடவே ஒரு தேதியையும் குறித்துக்கொண்டால் நிலைமை இன்னும் மோசம். அமெரிக்கக் கடற்படை விமானி ஜேம்ஸ் ஸ்டாக்டேல் 1965 முதல் 1973 வரை வியட்நாமில் போர்க்கைதியாக இருந்தார். விடுதலைக்குப் பின் அவர் சொன்னது பலரும் அறிந்ததே: கிறிஸ்துமசுக்குள் வீட்டுக்குப் போய்விடுவோம், அது போனால் ஈஸ்டருக்குள் என்று நாள் குறித்துக்கொண்டே இருந்தவர்கள்தான் உடைந்துபோனார்கள். அவருக்குக் கடைசியில் மீள்வோம் என்பதில் சந்தேகமே இருந்ததில்லை. எப்போது என்பதை மட்டும் அவர் நிர்ணயிக்கவில்லை.

சமய நம்பிக்கை உள்ளவருக்கு இதன் நடைமுறை வடிவம் எளிது. "இது நடக்கும்" என்ற வாக்கியத்தின் இடத்தில் "இது நடந்தாலும் நடக்காவிட்டாலும் நான் தனியே விடப்பட மாட்டேன், அடுத்த அடி வைக்க வழி இருக்கும்" என்பதை வையுங்கள். கேட்பதை நிறுத்தச் சொல்லவில்லை. வேலை வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்டது கிடைப்பதைக் கடவுள் இருப்பதற்கான சான்றாக ஆக்காதீர்கள், அவ்வளவுதான்.

அப்படியானால் எவ்வளவு அவரிடம் விடுவது, எவ்வளவு நாம் செய்வது? சமயமும் நெருக்கடியும் சந்திக்கும் இடத்தை நெடுங்காலம் ஆராய்ந்த உளவியலாளர் கென்னத் பர்கமென்ட்டும் அவருடைய சகாக்களும் 1988-இல் மூன்று போக்குகளைப் பிரித்துக் காட்டினார்கள். கடவுள் அறிவைத் தந்துவிட்டார், இனி என் பாடு என்று தானே எல்லாவற்றையும் சுமப்பவர்கள் ஒரு வகை. அவர் பார்த்துக்கொள்வார் என்று கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பவர்கள் இன்னொரு வகை. அவரும் நானுமாகச் சேர்ந்து இதைச் சமாளிக்கிறோம் என்பவர்கள் மூன்றாம் வகை. அன்றாடச் சிக்கல்களில் பொதுவாக மூன்றாவதுதான் கைகொடுக்கிறது. ஆனால் இரண்டாவதை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் கூடாது. அறுவைசிகிச்சை அறைக் கதவு மூடிய பிறகு வெளியே உட்கார்ந்திருப்பவர் செய்வதற்கு ஒன்றுமில்லை. அந்த மூன்று மணி நேரம் முழுக்க ஒப்படைத்துவிடுவதே சரியான செயல். எந்த நேரத்தில் எது என்பதுதான் விஷயம். ஒட்டகத்தை முதலில் கட்டு, பிறகு இறைவனை நம்பு என்று திர்மிதி தொகுப்பில் வரும் நபிமொழி இதைத்தான் சொல்கிறது. ஊழைவிட வலியது எது என்று 380-ஆம் குறளில் கேட்ட வள்ளுவரே, 620-இல் சோர்வில்லாமல் உழைப்பவர் அந்த ஊழையே புறமுதுகு காட்ட வைப்பார் என்கிறார். இரண்டையும் ஒரே கையால்தான் எழுதினார். விதியா முயற்சியா என்று பட்டிமன்றம் நடத்துபவர்கள் ஏதாவது ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

எந்தப் பகுதி யாருடையது என்பதை மனசுக்குள் பிரிக்க முடியாது. தாள் வேண்டும். கைபேசியில் எழுதலாம்தான், ஆனால் இடையில் வரும் அறிவிப்புகள் காரியத்தைக் கெடுத்துவிடும்.

தாளின் மேலே தடையை எழுதுங்கள். இரண்டு நிபந்தனை: மூன்று வாக்கியத்துக்கு மேல் போகக்கூடாது, ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு எண்ணோ தேதியோ இருக்க வேண்டும். வேலை இழந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் முதலில் எழுதுவது அநேகமாக இப்படி இருக்கும்: "என் வாழ்க்கையே நாசமாகிவிட்டது. எங்கே போனாலும் எனக்கு மட்டும் கதவு மூடுகிறது." எண் இல்லை, தேதி இல்லை. திருப்பி எழுதினால்: "4 மாதமாகச் சம்பளம் இல்லை. கையில் இருப்பது 2 மாதச் செலவுக்கு. 11 இடத்துக்கு விண்ணப்பித்தேன், 3 இடத்தில் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள், மூன்றிலும் 2-ஆம் சுற்றோடு நின்றது."

இப்போது ஒன்று தெரிகிறது பாருங்கள். பதினொன்றில் மூன்று இடம் கூப்பிட்டிருக்கிறது என்றால் விண்ணப்பம் மோசமில்லை. மூன்றும் ஒரே சுற்றில் நின்றிருக்கிறது என்றால் சிக்கல் அந்தச் சுற்றில் இருக்கிறது. "எனக்கு மட்டும் கதவு மூடுகிறது" என்பதை வைத்துக்கொண்டு அழ மட்டுமே முடியும். "2-ஆம் சுற்று" என்பதை வைத்துக்கொண்டு ஒரு நண்பரை எதிரே உட்கார வைத்துப் பயிற்சி எடுக்கலாம்.

எழுதும்போது மூன்று சொற்களைக் கண்டால் அடித்துவிடுங்கள்: "எப்போதும்", "எல்லாமே", "என்னால்தான்". மனம் தளர்ந்தவர்கள் கெட்டதை விளக்கும் விதத்தில் இந்த மூன்றும் திரும்பத் திரும்ப வருவதை மார்ட்டின் செலிக்மன் போன்றோரின் ஆய்வுகள் காட்டின. தடை நிரந்தரமானது, வாழ்க்கை முழுவதும் பரவியது, அதற்குக் காரணம் நானே என்ற எண்ணம் அது. பக்தி உள்ளவர்களிடம் நான்காவதாக ஒன்றும் சேர்ந்துகொள்ளும்: "தண்டனை". அதற்குப் பிறகு வருகிறேன்.

அடுத்து, தாளின் கீழ்ப்பாதியை மூன்றாகப் பிரியுங்கள்: என் கையில் இருப்பது, இன்னொரு மனிதர் கையில் இருப்பது, யார் கையிலும் இல்லாதது. சந்தேகம் வந்தால் ஒரு சோதனை: 48 மணி நேரத்துக்குள் செய்து முடிக்கக்கூடிய ஒரு வினைச்சொல்லோடு அதை எழுத முடிகிறதா? "நேர்காணலில் தடுமாறிய ஐந்து கேள்விகளுக்குப் பதில் எழுதுவேன்" என்று எழுத முடிந்தால் அது முதல் கட்டம். "கடன் தவணையைத் தள்ளிவைக்க முடியுமா" என்பது இன்னொருவர் கையில். உங்கள் பங்கு கேட்பது மட்டும். யாரிடம், எந்த நாளில் கேட்கப்போகிறீர்கள் என்று பக்கத்திலேயே எழுதுங்கள். சந்தை நிலவரம், வயது, நடந்து முடிந்த ஆட்குறைப்பு எல்லாம் மூன்றாவதில்.

இங்கே இரண்டு விதமாகத் தவறு நடக்கும். பொறுப்புணர்ச்சி கூடினவர்கள் மூன்றாம் கட்டத்தில் இருக்க வேண்டியதையும் முதல் கட்டத்தில் போட்டுக்கொண்டு தூக்கம் கெடுவார்கள். களைத்துப்போனவர்கள் எல்லாவற்றையும் மூன்றாவதில் தள்ளிவிட்டு அதற்குச் சரணாகதி என்று பெயர் வைப்பார்கள். முதல் கட்டத்தில் ஒரு வரிகூட இல்லையென்றால் இன்னொரு முறை பாருங்கள். பத்துக்கு மேல் இருந்தால் மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடுத்த வாரத்துக்குத் தள்ளுங்கள்.

வழிபாட்டிலும் இந்தப் பிரிவினை உதவும். முதல் கட்டத்துக்குத் தெம்பைக் கேளுங்கள். இரண்டாவதற்கு, அந்த மனிதரின் மனம் இரங்கவும், கேட்க உங்களுக்குக் கூச்சம் விலகவும். மூன்றாவதை இரவில் தூங்கப் போகும் முன் வரிவரியாகப் படித்து, ஒவ்வொன்றுக்கும் "இதை இன்று இரவு நான் சுமக்கவில்லை, உன்னிடம் வைக்கிறேன்" என்று சொல்லித் தாளை மடித்து வையுங்கள். வாய்விட்டுச் சொல்வது முக்கியம். மனசுக்குள் சொன்னால் மூன்றாவது வரியிலேயே எண்ணம் எங்கோ போய்விடும்.

அடுத்தது முறையிடுதல். நம்பிக்கை உள்ளவர்கள் புகார் சொல்லக்கூடாது என்று ஒரு எண்ணம் எப்படியோ ஊன்றிவிட்டது. சமய மரபுகளைத் திறந்து பார்த்தால் கதை வேறு. விவிலியத்தின் 150 சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முறையீடுகள்தான். 13-ஆம் சங்கீதம் "எதுவரைக்கும்" என்று நான்கு முறை கேட்டுவிட்டுத்தான் நம்பிக்கைக்குத் திரும்புகிறது. 88-ஆம் சங்கீதம் திரும்பாமல் இருளிலேயே முடிகிறது, அதையும் யாரும் நீக்கிவிடவில்லை. மகனை இழந்த யாகூப் நபி தன் துயரத்தை இறைவனிடமே முறையிடுவதாகச் சொல்வது குர்ஆனில் (12:86) இருக்கிறது. திருவாசகத்தின் நீத்தல் விண்ணப்பம் 50 பாட்டும் "என்னை விட்டுவிடுவாயோ" என்ற ஒரே கேள்விதான்: "விடுதி கண்டாய்". உருகுவதற்குப் பெயர்போன நூலில், இத்தனை நேரடியாக மடக்கிக் கேட்கும் பதிகம் உட்கார்ந்திருக்கிறது. முணுமுணுப்புக்கும் முறையீட்டுக்கும் வேறுபாடு ஒன்றுதான்: முணுமுணுப்பவர் கடவுளைப் பற்றி மற்றவரிடம் பேசுகிறார், முறையிடுபவர் அவரிடமே பேசுகிறார்.

முறையிடுவதற்கு ஒரு வடிவம் உண்டு, பழைய பாடல்களில் பெரும்பாலும் அதே வரிசைதான் வரும். யாரிடம் பேசுகிறோம் என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவது. நடந்ததை மழுப்பாமல் சொல்வது. என்ன வேண்டும் என்று கேட்பது. முன்பு துணை நின்ற ஒரு தருணத்தை நினைவுபடுத்துவது. எழுதினால் இவ்வளவுதான் வரும்: "இறைவா, மூன்றாவது முறையாகவும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு அவமானமாக இருக்கிறது, உன்மேல் கோபமாகவும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை நேர்காணலில் கை நடுங்காமல் இருக்க வேண்டும். அப்பா படுத்திருந்த வருஷம் எப்படியோ கடத்திவிட்டாய், அதை மறக்கவில்லை." நான்காவது பகுதி வராத நாளில் அதை விட்டுவிடுங்கள். வலிந்து சேர்த்தால் முழுவதும் நடிப்பாகிவிடும். நேரம் 10 முதல் 15 நிமிடம் போதும். அதற்கு மேல் போனால் முறையீடு சுழலாக மாறி, அதே மூன்று வாக்கியம் திரும்பத் திரும்ப வரும். அப்படி வந்தால் எழுந்துவிட வேண்டும்.

இனி, நல்லது நடப்பதாகக் கற்பனை செய்வது பற்றி. "கிடைத்துவிட்டதாகவே மனசில் பார், கிடைக்கும்" என்று சொல்பவர்கள் அதிகம். கேப்ரியேல் ஓட்டிங்கன் என்ற உளவியலாளர் 1991-இல் தாமஸ் வாடனோடு சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, எடை குறைப்புத் திட்டத்தில் சேர்ந்த 25 பெண்களைப் பின்தொடர்ந்தது. என்னால் முடியும் என்று எதிர்பார்த்தவர்கள் அதிகம் குறைத்தார்கள். ஆனால் மெலிந்துவிட்டதாக இனிமையாகக் கனவு கண்டவர்கள் குறைவாகவே குறைத்தார்கள். எதிர்பார்ப்பு வேறு, கனவு வேறு. கனவிலேயே கொஞ்சம் கிடைத்துவிட்டதால் மனம் உழைக்க மறுக்கிறது. ஓட்டிங்கன் பின்னாளில் வகுத்த முறையில், ஆசையை நினைத்த கையோடு அதற்கு நடுவே நிற்கும் உள்தடையையும் நினைக்க வேண்டும். பிறகு "இப்படி ஆனால் இதைச் செய்வேன்" என்று ஒரு வரி. பீட்டர் கோல்விட்சர் ஆராய்ந்த இந்த "ஆனால்-செய்வேன்" வரியைப் பற்றிய 94 சோதனைகளை 2006-இல் ஒன்றுதிரட்டிப் பார்த்தபோது பலன் கணிசமாக இருந்தது.

அந்த வரியில் காலமோ இடமோ ஒரு தூண்டுதலோ தெளிவாக இருக்க வேண்டும். "மனம் தளர்ந்தால் பிரார்த்திப்பேன்" என்பது பயன்படாது. எப்போது தளர்ந்தோம் என்பதே நமக்குத் தெரியாது. "மறுப்பு மின்னஞ்சல் வந்தால், மடிக்கணினியை மூடிவிட்டு 15 நிமிடம் வெளியே நடப்பேன், திரும்பி வந்ததும் அடுத்த விண்ணப்பத்தைத் திறப்பேன்." "இரவு விழிப்பு வந்தால், கைபேசியைத் தொடாமல் அந்த ஒரு வரியைச் சொல்வேன்." இப்படி இரண்டோ மூன்றோ போதும். அதற்கு மேல் நினைவில் நிற்காது.

எந்த ஒரு வரி? ஜெபமோ மந்திரமோ திக்ரோ, உங்கள் மரபில் மனப்பாடமாக இருக்கும் ஒன்று. மூச்சு வெளிவிடும் 5, 6 விநாடிக்குள் நிதானமாகச் சொல்லி முடியும் நீளம் இருந்தால் நல்லது. இதற்குக் காரணம் உண்டு. லூசியானோ பெர்னார்டியும் சகாக்களும் 2001-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்ட ஆய்வில், லத்தீனில் ஜெபமாலை சொன்னபோதும் "ஓம் மணி பத்மே ஓம்" என்ற மந்திரத்தைச் சொன்னபோதும் 23 பேரின் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 ஆகக் குறைந்தது. இதயத்துடிப்பின் லயமும் சீரானது. நிமிடத்துக்கு ஆறு என்றால் ஒரு சுற்றுக்கு 10 விநாடி: 4 விநாடி உள்ளே, 6 விநாடி வெளியே சொல்லிக்கொண்டு. 30 சுற்றுக்கு 5 நிமிடம். தலை லேசாகக் கிறுகிறுத்தால் மூச்சை ஆழமாக இழுக்கிறீர்கள் என்று பொருள். வேகத்தை மாற்றாமல் அளவை மட்டும் குறையுங்கள். இது தடையை நீக்காது. தடையைப் பற்றி யோசிக்கும் அளவுக்கு உடம்பை அமர்த்தும்.

இனி அந்த நான்காவது சொல்லுக்கு வருவோம். "நான் செய்த பாவத்துக்குத் தண்டனை", "கடவுள் என்னைக் கைவிட்டுவிட்டார்" என்ற எண்ணங்கள் சாதாரணமானவை இல்லை. மருத்துவமனையில் இருந்த 55 வயதுக்கு மேற்பட்ட 596 நோயாளிகளை இரண்டு ஆண்டு பின்தொடர்ந்து பர்கமென்ட் குழு 2001-இல் வெளியிட்ட ஆய்வில், கடவுள் கைவிட்டாரோ, அவருக்கு என்மேல் அன்பில்லையோ என்று போராடியவர்களிடையே இறப்பு அபாயம் சற்றுக் கூடியிருந்தது. இதைப் படித்துவிட்டு, சந்தேகம் வந்ததற்காகவே பயப்பட வேண்டாம். சந்தேகம் யாருக்கும் வரும். அதை யாரிடமும் சொல்லாமல் மாதக்கணக்கில் உள்ளேயே ஊறவிடுவதுதான் ஆபத்து என்பது என் கருத்து. எண்ணம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், கண்டிக்காமல் கேட்கக்கூடிய ஒரு சமயப் பெரியவரிடமோ ஆலோசகரிடமோ போங்கள். முதல் பேச்சிலேயே "நீ என்ன தப்பு செய்தாய்" என்று தொடங்குபவரிடம் இரண்டாம் முறை போகாதீர்கள்.

கடவுளிடம் அடையாளம் கேட்பதும் இதே போலச் சிக்கலானது. "இன்றைக்குள் அழைப்பு வந்தால் இதுவே உன் சித்தம்" என்று பந்தயம் கட்டினால், எதேச்சையாக நடக்கும் ஒன்று உங்கள் முடிவைத் தீர்மானிக்கும். சித்தத்தை அறிய விரும்பினால் கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்: இந்த வழியில் போனால் நான் பொய் சொல்ல வேண்டியிருக்குமா, யாருக்காவது தீங்கு வருமா, என்னை அறிந்த இருவர் என்ன சொல்கிறார்கள்? இந்த மூன்றும் தேறினால் தைரியமாகப் போகலாம். பேரம் பேசுவதும், இது கிடைத்தால் அது செய்கிறேன் என்று பெரிதாக நேர்ந்துகொள்வதும் ஏற்கெனவே நெருக்கடியில் இருப்பவருக்கு இன்னொரு கடன்.

துணைக்கு இரண்டு பேர் வேண்டும், இருவரும் வேறு வேறு ஆட்களாக இருப்பது நல்லது. ஒருவர் காரியம் தெரிந்தவர், வழி சொல்வார். மற்றவர் வழி சொல்லாமல் கேட்டு, கூடவே பிரார்த்திப்பவர். இரண்டாமவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: "யோசனை வேண்டாம், பத்து நிமிடம் கேட்டால் போதும்." சொல்லாவிட்டால் எல்லோரும் யோசனையில்தான் இறங்குவார்கள். எல்லாம் நன்மைக்கே என்று யாராவது தொடங்கினால் விவாதம் வேண்டாம். "ஆமாம், பார்ப்போம்" என்று நகர்ந்துவிடுங்கள்.

இரவில் மூன்றாம் கட்டத்தைப் படிப்பது தவிர, எது நகர்ந்தது என்று தாளைத் தினமும் திறந்து பார்க்காதீர்கள், மனம் நொந்துவிடும். 14 நாளுக்கு ஒரு முறை போதும். எது நகர்ந்தது, எது நகரவில்லை, நகராததற்கு வழியை மாற்ற வேண்டுமா? சார்ல்ஸ் ஸ்னைடர் என்ற உளவியலாளர் 1991-இல் முன்வைத்த கோட்பாட்டின்படி இலக்கு, அதற்குப் போகும் வழிகள், போக முடியும் என்ற உறுதி மூன்றும் சேர்ந்ததே நம்பிக்கை. ஒரு வழி அடைபட்டதும் இலக்கையே கைவிடுவதும், அடைபட்ட வழியிலேயே முட்டிக்கொண்டு இருப்பதும் ஒரே பிழையின் இரண்டு முகம். அதனால் ஒவ்வொரு இலக்குக்கும் குறைந்தது இரண்டு வழி எழுதி வையுங்கள்.

இடையில் ஒரு எச்சரிக்கை. இரண்டு வாரத்துக்கு மேல், நாளின் பெரும்பகுதியும் மனச்சோர்வு அல்லது எதிலும் ஈடுபாடின்மை, கூடவே தூக்கம், பசி, கவனம் ஆகியவற்றில் மாற்றம் இருந்தால் அது நம்பிக்கைக் குறைவில்லை, மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மருத்துவரைப் பாருங்கள். மருந்து எழுதித் தந்தால் பலன் தெரியச் சில வாரம் ஆகும். முதல் வாரத்திலேயே பலனில்லை என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் நாளை வரை காத்திருக்க வேண்டாம். அந்த நிமிடமே ஒருவரிடம் சொல்லி, அவரோடு இருந்துகொண்டே மருத்துவமனைக்கோ உதவி எண்ணுக்கோ போங்கள். பிரார்த்தனையும் கூடவே வரட்டும்.

கடைசியாக, பதில் "இல்லை" என்றே வந்துவிட்டால். எல்லா வழியும் பார்த்தாயிற்று, வயது வரம்பு கடந்துவிட்டது, சிகிச்சை பலிக்கவில்லை. அப்போது உடனே "இதைவிட நல்லது வரும்" என்று எழுதாதீர்கள், புதிய இலக்கையும் அந்த வாரமே குறிக்காதீர்கள். போனதற்குத் துக்கம் கொண்டாட ஒரு காலம் தேவை. பெரும்பாலான மரபுகள் மரணத்துக்குத் துக்க நாட்களை வகுத்து வைத்திருக்கின்றன, இதற்கும் நீங்களே சில வாரம் வகுத்துக்கொள்ளலாம். அந்த நாட்களில் வழிபாட்டைச் சுருக்கி, அந்த ஒரே வரியை மட்டும் வைத்துக்கொண்டாலும் போதும். பிறகு பழைய தாளை எடுத்து, அந்த இலக்கு உங்களுக்கு எதைத் தரும் என்று எண்ணியிருந்தீர்கள் என்று கேளுங்கள். ஆசிரியர் பணி கிடைக்காமலே போனவர் "பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது" என்று எழுதலாம்; "நிரந்தரச் சம்பளம்" என்றும் எழுதலாம். இரண்டும் வேறு வேறு அடுத்த அடிகள். எது உண்மை என்று தெரிந்த பிறகு புதுத் தாளில் முதல் வாக்கியத்தை எழுதுங்கள், எண்ணோடும் தேதியோடும்.